பிப்ரவரியில் ஒரு புள்ளி

கருத்துச் சொல்ல வரச் சொல்லியிருந்தார்கள்.
எஸ்பியர் துறைமுகத்துக்குப் பின்னால்
நகராட்சிக் கட்டடம், இரண்டாம் மாடி.
லிஃப்ட் பழுது.
வலிக்காரர்கள் ஐந்து பேர்
படியேறி வந்து மூச்சு வாங்கினோம்.
இதையே முதல் கருத்தாக எழுதிக்கொள்ளுங்கள்
என்றார் தோர்கில்.
எழுதவில்லை.

செயலி நல்லதுதான் என்று தொடங்கினாள் குன்ஹில்.
இரவு எட்டு மணிக்கு
அது ஒன்றுதான் கேட்கிறதாம், இன்று எப்படி என்று.
கணவன் கேட்பதை விட்டு ஆறு வருடம்.
சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.
கோப்பையைக் கீழே வைக்க
இரண்டு கையும் வேண்டியிருந்தது அவளுக்கு.

தோர்கிலுக்கு அந்த மஞ்சள் முகங்கள் ஆகவில்லை.
பல் தெரிகிற முகம், உதடு பிதுக்கிய முகம், அழுகிற முகம்.
முப்பது வருடம் இழுவைப் படகில் நின்றவன்,
என் முகம் எதற்கும் மாறாது,
நான் எதைத் தொட?

என் முறை வந்தது.
இருபத்திரண்டு வருடம்
ஹெர்ரிங் மீன் வகிர்ந்த விரல்கள் இவை.
காலையில் குத்தல்.
தண்ணீர் பட்டால் கடுப்பு.
மழைக்கு முந்தின இரவு குடைச்சல்.
சில நேரம் விண்விண்ணென்று தெறிக்கும்.
சில நேரம் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி
புரியவும் புரியாது, நிற்கவும் நிற்காது.
உங்கள் கோட்டில் இதெல்லாம் ஆறு.
நேற்றும் ஆறு.

சிக்னே குறித்துக்கொண்டாள்.
நல்ல பெண்.
நாற்காலியில் காலை மடித்து உட்கார முடிகிறது அவளால்.
என்னிடம் கேட்டுவிட்டு
என் பிப்ரவரியைத் திரையில் போட்டாள்.

எட்டாம் தேதிவரை நீலப் புள்ளிகள்.
அப்புறம் ஒரு வாரம் வெள்ளை.
நடுவே பதினொன்றில் மட்டும் ஒரு புள்ளி,
இரண்டில்.
"இந்த வாரம் நன்றாக இருந்திருக்கிறீர்கள் போடில்,
பதிவு செய்யவே தோன்றவில்லை போல?"

அந்த வாரம் போனை எடுக்க முடியவில்லை, சிக்னே.
எடுத்த அன்று
குறியைத் தள்ள விரல் வரவில்லை.
பதினொன்றாம் தேதி மூக்கால் தள்ளினேன்.
இரண்டில் போய் நின்றுவிட்டது.

தோர்கில்தான் முதலில் வெடித்தார்.
பிறகு எல்லோரும்,
விலா நோகிறவர்கள் விலாவைப் பிடித்துக்கொண்டு.
சிக்னே சிரிக்கவில்லை.
பேனாவை மூடினாள், திறந்தாள்,
அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறங்கும்போதும் லிஃப்ட் அப்படியேதான்.

இரவு எட்டு மணிக்குக் கேட்டது,
இன்று எப்படி?
பென்சிலைப் பல்லில் கடித்துத் தள்ளினேன்.
ஏழு.
ஆறு என்னுடையது.
ஒன்று உங்கள் படிக்கட்டுக்கு.