ஒரு கையுறை குறைகிறது

தஞ்சாவூர் கீழவாசல் வாடகைக் கடைக்காரர்
கனத்த கோட்டுகளைக் கவுண்டரில் விரித்து
பை பையாகத் துழாவுகிறார்.
ஒரு டிராம் சீட்டு. கடித்து வைத்த இஞ்சி மரப்பா.
"கையுறை ஒண்ணுதாம்மா இருக்கு.
முந்நூத்தம்பது பிடிச்சுக்குவேன்."

நாற்பத்தோரு பாலிசி பிடித்ததற்குக் கம்பெனி கொடுத்த பரிசு:
ஜனவரியில் ஹெல்சிங்கி, நான்கு நாள்.
கார்த்திகை மழையில்
கோட்டூர் வயிரக்கண்ணு வயல் மூழ்கிய வாரம்
அவர் போட்ட கையெழுத்துதான் நாற்பத்தொன்றாவது.
நினைக்கக்கூடாதென்றுதான் விமானம் ஏறினேன்.

நாலு மணிக்கே இருட்டு.
தேவாலயப் படியில் மன்னார்குடிக் கிளை மேலாளர்
பழக்கதோஷத்தில் பூட்ஸைக் கழற்றப் போனார்.
கடல் உறைந்து கிடந்தது.
நடக்கலாம், பயமில்லை என்றான் வழிகாட்டி.
எல்லோரும் போனார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள்.
நான் கரையிலேயே நின்றேன்.
அடியில் தண்ணீர் என்று தெரிந்தபின்
மேலே கால் வைக்க எனக்கு வராது.

கடைசி நாள்
பேருந்து ஜன்னல் வழியே பார்த்தேன்.
யாரோ குனிந்து எடுத்து
கம்பிவேலி முனையில் செருகியிருந்தார்கள், என் கையுறையை.
ஐந்து விரலும் விரிந்து, நேராக.
விரல்நுனிகளில் பனி.
நிறுத்தச் சொன்னேன்.
விமானத்துக்கு நேரமாச்சு என்றார்கள்.

"எங்கம்மா தொலைச்சீங்க?"
"தொலைக்கல" என்றேன்.
பணத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.

திரும்பும் வழியில், வடுவூர் தாண்டி,
அறுப்பு முடிந்த வயலோரம்
சாக்கு மூட்டையோடு ஒருத்தி
கையை நீட்டினாள்.
நிறுத்தமே இல்லாத இடம்.
ஓட்டுநர் என்னவோ முணுமுணுத்துக்கொண்டே
நிறுத்தினார்.