கன்னத்தில் கை

ஞாயிற்றுக்கிழமை மூன்றரைக்கு
ருத்ராவுக்கு அம்மாவிடமிருந்து அழைப்பு வரும்.
அவள் பெயர் ரூத்தா.
வண்ணாரப்பாளையம் முழுக்க ருத்ரா என்றுதான் கூப்பிடும்.
ரேஷன் கடைக்காரர் ஒருமுறை
என்ன நட்சத்திரம் என்று கேட்டார்.

மாடி அறை, மாதம் மூவாயிரத்து ஐந்நூறு, கரண்ட் தனி.
நடக்க முடியாத பிள்ளைகளுக்குச்
சக்கர நாற்காலி அளவெடுக்கிற வேலை.
இதற்காகவா லித்துவேனியாவிலிருந்து வந்தாள் என்று
ஐஸ் ஃபேக்டரியில் கேட்பார்கள்.
சம்பளம் கிடையாது என்று சொன்னால்
கல்லாவில் உட்கார்ந்திருக்கும் என்னைக்
கணக்கு தப்பியவளைப் போலப் பார்ப்பார்கள்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் சிக்னல்.
காயும் புடவைகளை விலக்கிக்கொண்டு
ஃபோனைத் தூக்கிப் பிடிப்பாள்.
அந்தப் பக்கம் ஒரு ஜன்னல்.
நான் தினமும் டன் கணக்கில் விற்கிற சரக்கு
அங்கே தெருவில் சும்மா கிடக்கும்.
யானினா கை ஆட்டுவாள். நானும் ஆட்டுவேன்.
எங்கள் பாஷை அவ்வளவுதான்.

கார்த்திகை மழையில் ருத்ராவுக்கு டெங்கு.
பெரியாஸ்பத்திரி, பெண்கள் வார்டு, ஒன்பது நாள்.
அம்மாகிட்ட சொல்லாதீங்க என்று
தமிழில் சொன்னாள், முதல்முறையாகத் தப்பில்லாமல்.
கஞ்சி எடுக்க வீட்டுக்கு வந்திருந்தேன்.
என் பையில் அவள் ஃபோன் அடித்தது. மணி மூன்றரை.
குடையோடு மாடிக்கு ஓடி
மழையைக் காட்டினேன்.
தொட்டிமேல் நனையும் காகத்தைக் காட்டினேன்.
அறைக் கதவைக் காட்டினேன், பூட்டு தெரியாமல்.
பிறகு உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துத்
தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினேன்.
தூங்குகிறாள்.
கன்னத்தில் கை வைக்காதே, குடும்பத்துக்கு ஆகாது என்று
அடித்து வளர்த்தார்கள் என்னை.
அன்றைக்கு வைத்தேன்.
அவள் தலையாட்டினாள்.
வாயால் சொன்ன பொய் எத்தனையோ.
கையால் சொன்னது அது ஒன்றுதான்.

மாசியில் யானினாவே வந்துவிட்டாள்.
ஈ.சி.ஆர். பஸ்ஸிலிருந்து வியர்த்துச் சிவந்து இறங்கினாள்,
ஓர் அட்டைப்பெட்டி நிறையக் கறுப்பு ரொட்டியோடு.
ஒவ்வொன்றும் செங்கல் கனம்.

ருத்ரா மோர் வாங்கக் கடைக்குப் போன நேரம்.
யானினா என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.
உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்தாள்.
தலையைச் சாய்த்தாள்.
கண்ணை மட்டும் மூடவில்லை.

எழுந்துபோய் கேஸ் புத்தகத்துக்குள் செருகியிருந்த
ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக் கொடுத்தேன்.
அவளுக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் அரைகுறை.
எண்கள் தெரியும்.
41,000. 22,000. 19,000.
விரல் அங்கேயே நின்றது.
எப்போதோ முடிந்துபோனதற்கு
நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
36,000. 78,000.
1,10,000 வந்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.
காற்புள்ளி அவள் ஊர் இடத்தில் இல்லை.
லட்சம் என்றேன். ஒரு லட்சத்துப் பத்தாயிரம்.
கையை உயர்த்திக் காட்டினேன்,
ஃபேன் தட்டாத உயரம்வரை.

சீட்டை நாலாக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.
என் தோளில் ஓங்கி ஓர் அடி. வலித்தது.
அப்புறம் சங்கரா மீன் குழம்பை
மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டாள், மூக்கைச் சிந்திக்கொண்டே.
காரம் என்று மகளிடம் சொன்னாளாம்.

வைகாசியில் ருத்ரா கிளம்பினாள். இப்போது மடகாஸ்கர்.
அங்கேயும் நாற்காலிதான்.
கோடைக்கென்று யானினா ஊரில்
கடிகாரத்தைத் தள்ளி வைத்துவிட்டார்கள்;
அழைப்பு இரண்டரைக்கே வந்து என் தூக்கத்தைக் கெடுக்கிறது.
திரையில் மூன்று கட்டம்.
ருத்ரா முடியை ஒட்ட வெட்டியிருக்கிறாள்.
முகம் கொஞ்சம் வற்றியிருக்கிறது.
நல்லா இருக்கேன்க்கா, என்கிறாள் எனக்கு.
அதையே அம்மாவுக்கு அவர்கள் பாஷையில்.
சிக்னல் சரியில்லை என்று போய்விடுகிறாள்.

மீதி இரண்டு கட்டம்.
யானினா ஒன்றும் பேசவில்லை.
அவள் உள்ளங்கை மெல்ல மேலேறுகிறது.
இந்தப் பக்கம் என்னுடையதும்.