மூன்றாம் சாவி

பெட்டிக்கு மூன்று பூட்டு.
முதல் சாவி தெலுவின் இடுப்பில்.
இரண்டாவது சீமாவிடம்,
எங்கே வைத்தாள் என்று பல நாள் அவளுக்கே தெரியாது.
மூன்றாவது என்னிடம்.
பெட்டி மட்டும் ஹப்சு வீட்டில்.
சாவி இல்லாதவள் வீட்டில்தான் பணம் தூங்க வேண்டும்.
அது சட்டம். நாங்கள் போட்டது.

எங்களில் எழுதத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.
வியாழன்தோறும் பள்ளிக்கூடச் சுவரோரம்,
பெட்டியைப் பூட்டுமுன்,
இருபத்தாறு வாயும் ஒரே குரலில் சொல்லும்:
கையிருப்பு இவ்வளவு,
கடனில் நிற்பது இவ்வளவு,
கடலை எண்ணெய் ஆட்ட பரீரா வாங்கியது இவ்வளவு,
தந்தது இவ்வளவு, தராதது இவ்வளவு.
அடுத்த வியாழன், திறக்குமுன், மறுபடி சொல்வோம்.
ஒருத்தி தடுமாறினால்
பக்கத்தில் இருப்பவள் வழுக்கிய கயிற்றைப் பிடிப்பதுபோல்
எண்ணைப் பிடித்துக்கொள்வாள்.

தாமதமாய் வந்தால் இருபத்தைந்து ஃபிராங்க் தண்டம்.
வசூலிப்பவள் நான்.
என்மேல் யாருக்கும் பெரிய பிரியம் கிடையாது.

தேர்தல் வந்தது.
பெண்ணுக்கென்று இடம் ஒதுக்கியிருக்கிறதாம்,
நிரப்பாவிட்டால் பட்டியலே செல்லாதாம்.
மராடிச் சாலையிலிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார்.
“அதிகம் பேசாதவளாய் ஒருத்தி” என்று கேட்டார்.
ஹப்சுவைக் காட்டினார்கள்.
அவள் கணவன் எல்லை தாண்டி, நைஜீரியாவில்,
தண்ணீர் வண்டி தள்ளுகிறான்.
போனில் “சரி” என்றான்.
சிக்னல் விட்டு விட்டு வந்ததில்
எதற்குச் சரி என்று அவனுக்கே தெரியாது.

நான் அவளுக்கு ஓட்டுப் போடவில்லை.
இதையும் சொல்லிவிடுகிறேன்.
அவள் வெங்காயப் பாத்தியில் என் ஆடு மேய்ந்த அன்று
ஊர் கேட்க அவள் ஏசிய ஏச்சு
கணக்கைப் போலவே எனக்கு மனப்பாடம்.

மன்றத்தில் அவளுக்குக் கதவோர நாற்காலி.
முதல் கூட்டத்தில் தேநீர் ஊற்றச் சொன்னார்கள்.
ஊற்றினாள்.
இரண்டாவதிலும்.
கேட்டதும் தெலு காறித் துப்பினாள்.
ஹப்சு சொன்னாள்,
“கைக்குத்தானே வேலை. காது சும்மாதான் இருக்கிறது.”

அறுவடைக்குப் பிந்திய கூட்டம்.
செயலர் பிரெஞ்சில் வாசித்தார்,
ஹௌசாவில் சொன்னவர் பாதியை விழுங்கினார்.
எங்கள் ஊர் அடிபம்பின் பழுதுக்கு
மூன்று லட்சத்துப் பத்தாயிரம்.

கதவோரத்திலிருந்து குரல் வந்ததாம்:
“விதைப்புக்கு முன் வாசித்தபோது
இரண்டு லட்சத்து நாற்பதாயிரம்.
அதில் கைப்பிடிக்கு முப்பத்தாறாயிரம்.
கைப்பிடி வரவில்லை.
கட்டையைச் செருகித்தான் அடிக்கிறோம்.”

தாள்கள் புரண்டன.
அவள் கையில் தாள் இல்லை.
“எதில் எழுதி வைத்திருக்கிறாய்?”
“வியாழக்கிழமையில்” என்றாளாம்.

கோப்பு திருத்தத்துக்குப் போனது.
இன்னும் திரும்பவில்லை.
கைப்பிடியும்தான்.
அன்றைய தேநீரைக் காவலாளி ஊற்றினான்,
சர்க்கரை போட மறந்துவிட்டான்.

அன்றும் வியாழன்.
பெட்டியை அவள் மகள் சுமந்து வந்திருந்தாள்.
சொல்லி முடித்து, பூட்டியும் ஆகிவிட்டது.
அப்போதுதான் சரக்கு லாரி ஒன்று
புருவம்வரை புழுதியாய் ஹப்சுவை இறக்கிவிட்டுப் போனது.
சேதி அவளுக்கு முன்பே வந்திருந்தது.
எல்லோரும் எழுந்து குலவையிட்டார்கள்.

நான் எழவில்லை.
தட்டை நீட்டினேன்.

குலவை ஒவ்வொரு வாயாய் அடங்கியது.
யாரோ என் பெயரைச் சொல்லி, சீ, என்றார்கள்.
ஹப்சு என்னைப் பார்த்தாள்,
ஆட்டை விரட்டிய அதே கண்.
தலைத்துணியின் முடிச்சை அவிழ்த்தாள்.
ஒரு நாணயத்தை வைத்தாள்.
“நான் இல்லாமல் சொன்னது செல்லாது,
முதலிலிருந்து” என்று மணலில் உட்கார்ந்தாள்.

சொன்னோம்.
கையிருப்பில் இருபத்தைந்து கூடியிருந்தது.

அந்தக் காசுக்காக
மூன்று பூட்டையும் மறுபடி திறக்க வேண்டும்.
தெலு தந்தாள். நான் தந்தேன்.
இப்போது கையில் இருந்ததே என்று
சீமா மணலைத் துழாவிக்கொண்டிருந்தாள்.