கை வைக்காத சட்டை

பர்கூர் மொத்தக் கடையில் வாங்கிய சாட்டின்.
ஆரஞ்சு என்றேன், கடைப்பையன் பீச் என்று திருத்தினான்.
மூன்று இரவு மிஷின் மிதித்தேன்.
தோளுக்கு ஒரே ஒரு நாடா,
முதுகில் பன்னிரண்டு கொக்கி, இடுப்பைச் சுற்றி ஜிகினா.
போட்டோவில் இருந்தபடியே
கை வைக்கவில்லை.

முனிராஜ் சோறு பிசைந்த கையோடு நிமிர்ந்து பார்த்தார்.
"ஏழு வயசுப் புள்ளைக்கு இது என்ன?"

"கெணத்துல நீச்சல் பழக்குறப்ப
வெறும் ஜட்டியோட தூக்கிட்டுப் போனது யாராம்?"

"அங்க யாரும் மார்க் போடல."

ஆனி முழுக்க மாங்கூழ் ஃபேக்டரியில்
பெல்ட் ஓரம் நிற்கிற மனுஷன்.
பெங்களூரா, செந்தூரா, எதுவானாலும்
பழத்துக்கு ரெண்டு நொடி.
அடிபட்டது, வண்டு துளைத்தது, காம்புப் பால் வழிந்தது
எல்லாவற்றையும் விரலே ஒதுக்கிவிடும்.
பழகிய கண்ணுக்குப் பழம் தெரியாது,
புள்ளிதான் தெரியும் என்பார்.
வீட்டில் அறுத்து வைத்தால் தொடமாட்டார்.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.
போச்சம்பள்ளியில் ஆறாவது படித்தபோது
ஆண்டு விழாவில் என்னை மரமாக நிறுத்தினார்கள்.
பச்சைத்தாள் ஒட்டிய அட்டை, கண்ணுக்கு ரெண்டு ஓட்டை.
மயிலாக ஆட நிறம் வேண்டுமாம்.
மயிலின் எல்லா அடவும் எனக்குத் தெரியும்,
மரத்துக்குள்ளேயே ஆடினேன்.
"ஏய் மரம், ஆடாம நில்லு"
டீச்சரின் குரல் மைக்கில் விழுந்துவிட்டது.
கூட்டம் சிரித்தது.
அப்பா வந்திருந்தார்.
ஐந்து மரங்களில் நான் எது என்று
கடைசிவரை அவருக்குத் தெரியவில்லை.

காவேரிப்பட்டணம் கல்யாண மண்டபத்தில்
குட்டி மகாராணி போட்டி.
ஐந்நூறு ரூபாய், போட்டோ தனி.
மணமகள் அறை முழுக்க ஸ்பிரே நெடி.
ஒருத்தி மகளிடம் வயிற்றை உள்ளே இழு என்கிறாள்.
முழுக்கை பட்டுப்பாவாடை கட்டிக் கூட்டிவந்தவள்
எங்கள் நாடாவை ஒரு மாதிரி பார்த்தாள்.
அவள் மகளின் உதடு
என் மகளின் உதட்டைவிடச் சிவப்பு.

ஓசூரிலிருந்து வந்த மேக்கப் பெண்
கனிஷ்காவின் முகத்தில் ஸ்பாஞ்சை ஒற்றி எடுத்தாள்.
கழுத்துக்கு மேலே வேறு யாரோ பெற்ற பிள்ளை.
"அவ நெறமே இருக்கட்டுமே..."
"லைட்டுக்கு எடுபடாதுக்கா."
சரி என்று தள்ளி நின்றேன்.
ரெண்டு முழத் துணிக்காக
வீட்டில் மூன்று நாள் பேசாமல் இருந்தவள்,
இதற்கு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்தார் முனிராஜ்.
தொப்பி அழுத்திய கோடு நெற்றியில்.
மகளின் இடுப்பில் வட்ட ஸ்டிக்கர், பதினேழு.
அதைப் பார்த்ததும்
கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

மேடையில் கேட்டார்கள்,
பெரியவளானால் என்ன ஆவாய்?
கலெக்டர் என்று ஒரு வாரம் சொல்லிக் கொடுத்திருந்தேன்.
கனிஷ்கா மைக்கை ரெண்டு கையாலும் பிடித்து
"முதுகு அரிக்குது" என்றாள்.

அதே சிரிப்பு. எனக்குத் தெரிந்த சிரிப்பு.
அட்டைக்குள் வியர்த்தது போல் வியர்த்தது எனக்கு.
அவளோ கூட்டத்தோடு சேர்ந்து சிரித்து,
திரும்பி நின்று
எட்டாத இடத்தைச் சொறிய முயன்றாள்.

ஆறுதல் பரிசு. பிளாஸ்டிக் கிரீடம்.

திரும்பும்போது மழைக்காற்று.
வண்டியை நிறுத்தித் தன் சட்டையைக் கழற்றி
அவளுக்குப் போட்டுவிட்டார்.
குளிருக்கா, தோளுக்கா?
நான் கேட்கவில்லை.
பனியனோடு ஓட்டினார்.

வீட்டில் நான் தேங்காய் எண்ணெய் தொட்டு முகம் துடைக்க,
பின்னால் உட்கார்ந்து அவர்
ஒவ்வொரு கொக்கியாய் விடுவித்தார்.
"நான் அழகா இருந்தேனா?" என்றாள்.
ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் வாய் திறந்து
ரெண்டு பேரும் நிறுத்திக்கொண்டோம்.
அதற்குள் தூங்கிவிட்டாள்,
ஒரு காதில் இன்னும் வெள்ளைப் பவுடர்.

கையில் ஜிகினாவோடு பெல்ட்டுக்கு வந்தாரென்று
மறுநாள் சூப்பர்வைசர் திட்டினாராம்.
ரெண்டு தடவை சோப்புப் போட்டும் போகவில்லையாம்.