பதினேழாம் வளையம்

எருக்கஞ்சேரி தாண்டி, குப்பைமேட்டுச் சுவரோரம்
மண் எடுக்கப் போனோம், மாசி மாதத்தில்.
தோண்டக் கூடாது. அதுதான் நிபந்தனை.
நூறு மில்லி பிடிக்கும் எஃகு வளையத்தை
மரக்கட்டை வைத்துச் சுத்தியலால்
தட்டித் தட்டி இறக்க வேண்டும்,
உள்ளே இருப்பது எதுவும் திடுக்கிடாதபடி.

குழாயடி வரிசையில் குடத்தை நிறுத்திவிட்டு
வந்து நின்றாள் செலின்.
"மண்ண எடுத்துனு போயி இன்னா பண்ணுவீங்க?"
மண்ணுக்குள்ளே காத்து எப்படிப் போவுதுன்னு பாப்போம் என்றேன்.
"அத்த என்னாண்ட கேளு.
மழ வுட்ட மறுநாளு
எங்கூட்டுத் தரையில வெடிப்பு கீது பாரு,
அது வழியாத்தான் வருது நாத்தம்.
தீப்பெட்டி உரசவே பயமா கீது."

அவள் சொன்னதை எழுத
என் நோட்டில் கட்டம் இல்லை.

ஆய்வகத்தில்
வளையத்துக்கு அடியில் ஓர் அறை,
நைட்ரஜன் ஊதிக் கழுவிய அறை.
மேலே, நாம் மூச்சுவிடும் காற்று.
நடுவில் ஐந்து சென்டிமீட்டர் மண்.
ஆக்ஸிஜன் தானாக இறங்கி வரும்.
நிறைய இருக்கும் இடத்திலிருந்து
இல்லாத இடத்துக்குப் போவதுதான்
அதற்குத் தெரிந்த ஒரே ஒழுக்கம்.
இந்த ஊரில் வேறெதுவும் அப்படிப் போய்
நான் பார்த்ததில்லை.

நேராகப் போனால் ஐந்து சென்டிமீட்டர்.
யார் நேராகப் போகிறார்கள்?
வியாசர்பாடியில் மெயின் ரோட்டிலிருந்து
எங்கள் வீடு கூப்பிடு தூரம்.
சிலிண்டர் சுமந்து வருகிறவர்
நிறுத்தியிருக்கும் பைக்கைச் சுற்றி,
மீன்பாடி வண்டியை நகர்த்தச் சொல்லி,
கோலம் மிதிபடாமல் தாண்டி,
முட்டுச்சந்துக்குள் போய்த் திரும்பி
வாசலில் இறக்கி வைக்கும்போது
அது வேறு தூரம்.
அந்த வேறு தூரத்துக்காகத்தான்
சமன்பாட்டில் ஓர் எழுத்து.

மண்ணைப் படிப்படியாக நனைத்தேன்.
நுண்துளைகள் முதலில் நிரம்பும், பிறகு அடுத்தவை.
காற்றில் ஓடிய வாயு
தண்ணீருக்குள் பத்தாயிரத்தில் ஒரு பங்காய் இழையும்.
எல்லாச் சந்தும் அடைபடும் ஈரம் ஒன்று உண்டு.
அதற்கு மேல் பூஜ்யம் என்கிறது வளைகோடு.

இருபத்து நான்கு வளையங்கள்.
இருபத்து மூன்று, கோட்டருகே வந்து உட்கார்ந்தன.
பதினேழு மட்டும் ஒரு விரற்கடை மேலே, தனியாக.
அவ்வளவு ஈரத்திலும்
மற்றவற்றைப்போல் ஆறு மடங்கு.

"ஓரத்துல கசிஞ்சிருக்கும். தூக்கிடு"
என்றார் சந்திரமௌலி சார், டீயை ஆற்றியபடி.
விளிம்பில் வாசலின் பூசி மறுபடி ஓட்டினேன்.
ஆறு.
இன்னொரு முறை.
ஆறு.

சலித்த மண் சொன்னபடி கேட்கும்.
இரண்டு மில்லிமீட்டர் சல்லடையில் விழுந்தால்
எல்லா ஊரும் ஒரே ஊர்.

வெள்ளிக்கிழமை எல்லோரும் கிளம்பிய பின்
பதினேழை ரம்பத் தகட்டால் நெடுக்காகப் பிளந்தேன்.
கரித்துண்டு, பால் கவரின் நீல மூலை, கண்ணாடிச் சில்லு.
பிறகு அது.
மேலிருந்து கீழ்வரை ஒரே குழாய்,
சீமைக்கருவேல வேர் ஒன்று செத்து மட்கி
விட்டுப்போன வழி.
பட்டை மட்டும் உள்சுவரில் ஒட்டியிருந்தது,
பீடி இலை மாதிரி.
தண்ணீர் தங்க முடியாத அகலம்.
மற்றதெல்லாம் மூழ்கிக் கிடந்தபோது
இது திறந்தே இருந்திருக்கிறது.

இருபத்து நான்கில் ஒன்று.
செலின் தெருவில் எத்தனை வீடு?
அன்று நான் எண்ணவில்லை.

அறிக்கையில் பதினேழை வைத்தேன்.
சார் சிவப்பில் சுழித்தார்.
மறுபடி வைத்தேன்.
இப்போது அது அடிக்குறிப்பு,
எட்டாம் பக்கம், சின்ன எழுத்து:
ஒரு மாதிரி நீக்கப்படவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது.
கொட்டி ஓய்ந்த மறுநாள் போனேன்,
வளையம் இல்லாமல்,
இரவல் வாங்கிய மீத்தேன் மீட்டரோடு.
தெருவெல்லாம் சேறு பூசி மூடியிருந்தது.
வீட்டுக்குள் தரை காய்ந்திருந்தது.
செலின் பாயைச் சுருட்டி வெடிப்பைக் காட்டினாள்.
குனிந்து குழாய் முனையை அதன்மேல் பிடித்தேன்.
திரையில் எண் ஏறத் தொடங்குமுன்பே
அவள் எழுந்துபோய்க்
கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்தாள்.