நாற்பத்தொன்றாம் குழாய்

தார்த்து நகரில் பிப்ரவரி.
ஆறு உறைந்து கிடக்கிறது.
அதன் பேருக்கு அவர்கள் மொழியில் அம்மா ஆறு.
அதிகாலை மூன்றே முக்காலுக்குப்
பிரசவ அறையிலிருந்து ரீத் ஓடி வருவாள்,
ஐஸ் வாளிக்குள் அப்போதுதான் எடுத்த ரத்தம்.
லேலோ வாங்குவாள், எண் ஒட்டுவாள்,
குளிர்ந்த சுழலியில் பத்து நிமிடம்.
சிவப்பு அடியில் தங்கிவிடும்.
மேலே நிற்கும் வெளிர்மஞ்சளில்தான்
அவளுக்கு வேலை.

கார்டிசோல் பிடிவாதம் பிடித்தது.
மேசையில் மறந்து வைத்தாலும்
மறுநாள் காலை அப்படியே இருக்கும்.
எண்டார்பின்தான் கொஞ்சம் சூடு பட்டாலும் சிதையும்.
கவலை கெடாது.
ஆறுதலைத்தான் ஐஸில் வைக்க வேண்டும்.

நான்கு மாதத்தில் நாற்பது பெண்கள்.
ஒருத்தியையும் அவள் பார்த்ததில்லை,
ரீத் சொல்லித்தான் தெரியும்.
பதினேழு, காளான் பண்ணையில் இரவு வேலை,
கார்டிசோல் வரைபடத்தாளை மீறிப் போனது.
இருபத்து மூன்று, ஹில்யா.
அமைதி என்று பொருளாம் அந்தப் பேருக்கு.
கீழே கார் நிறுத்துமிடம் வரைக்கும் கேட்டது.
அவளுடைய எண்டார்பினை
இரண்டு முறை அளந்து பார்த்தாள் லேலோ,
இயந்திரத்தின் மேல் சந்தேகப்பட்டு.
முப்பது, நார்வாவிலிருந்து வந்த ஸினயீதா.
முதுகில் ஊசி போட்டுக்கொண்டு
சுடோகு நிரப்பினாளாம்.
அளவு தாழ்ந்தே இருந்தது.
கூப்பிடாத வீட்டுக்கு அது ஏன் வரப்போகிறது?

மூளைக்கு அடியில் பட்டாணி அளவு சுரப்பி.
அதற்குள் நீளமான ஒரு புரதம்,
வெட்டாத துணி மாதிரி.
நொதி வந்து கத்தரிக்கும்.
ஒரு துண்டு சிறுநீரகத்தின் உச்சிக்குப் போய்
ஆபத்து, எழுந்திரு என்று
கார்டிசோலைத் தட்டி எழுப்பும்.
மிச்சத்தில் கிழிந்த இன்னொன்று
இரு, தாங்கலாம் என்கும்.
ஒரே துணி, ஒரே கத்திரி.
பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறாள் லேலோ.
நம்பினாளா என்று யாரும் கேட்கவில்லை.

அவளுக்கும் இது முப்பத்தெட்டாவது வாரம்.
மேசை ஒரு சாண் தள்ளிப் போயிருக்கிறது.
உர்மஸ் சரக்குக் கப்பலில், எந்தத் துறைமுகமோ.
வாடகை ஏறுகிறது என்று கடிதம்.
கணக்குத் தெரிந்தவளின் பயம் வேறு மாதிரி:
பயப்படுகிறோமே, அது பிள்ளைக்குப் போகுமே
என்று அதற்கும் சேர்த்துப் பயப்படுவாள்.
ராத்திரியில் தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள்,
வருகிற கார்டிசோலில் பெரும்பங்கை
வாசலிலேயே பல் பிடுங்கி அனுப்பும் உறுப்பு
உனக்குள் இருக்கிறது என்று.
பெரும்பங்கைத்தான். முழுவதையும் அல்ல.
அந்த உறுப்புக்கு நம் மொழி
நஞ்சு என்று பேர் வைத்திருக்கிறது.
அவளுக்கு அது தெரியாது. நல்லது.

வியாழக்கிழமை, பனிக்குடம் உடைந்தது
சுழலியின் பக்கத்திலேயே.
பதினொரு மணி நேரம்.
ஒன்பதாவதில் எண்கள் எல்லாம் உதிர்ந்துவிட்டன.
கட்டிலின் கம்பி, ரீத்தின் மணிக்கட்டு,
தன் தொண்டையில் இருந்து வந்த
மாட்டின் குரல் போன்ற ஒன்று.
வலி குறையவில்லை.
ஆனால் அது கொஞ்சம் தூரத்தில் நடந்தது,
பக்கத்து வீட்டில் சாமான் நகர்த்துவதைப் போல.
இடைவெளிகளில் தூங்கினாள். சிரித்தாள் என்றும் சொல்கிறார்கள்.
பெண் குழந்தை.
ஈரமாக, கோபமாக, மார்பின் மேல்.

ஆறாவது வாரம்
ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஒரு நடை வந்தாள்,
குழந்தையைத் துணியில் கட்டிக்கொண்டு.
பட்டியலைப் புரட்டினாள்.
நாற்பத்தொன்று: கார்டிசோல், உச்சத்தில்.
எண்டார்பின் கட்டத்தில் ஒரு கோடு மட்டும்.
மாதிரி கெட்டுவிட்டது.
குழாய் ஐஸுக்குப் போக ஐம்பது நிமிடம் தாமதம்.

"நீ கையை விடவேயில்லை," என்றாள் ரீத்,
"வாளி அந்தக் கோடியில் இருந்தது."

காரணம் என்ற கட்டம் காலியாக இருந்தது.
பேனாவை எடுத்தாள்.
குழந்தை முகத்தைச் சுளித்தது.
மூடி வைத்துவிட்டாள்.