ஒரே இரவில் முப்பத்திரண்டு

திங்கள் வரை பதினாறு.
செவ்வாய் முதல் முப்பத்திரண்டு.
ராச்செஸ்டர் கிடங்கின் மூன்றாம் மாடியில்
பதினோரு பெண்கள் உட்கார்ந்து
பழைய எண் மேல் புதிய எண்ணை
பெட்டி பெட்டியாக ஒட்டினோம்.
வெளியே ஏரியிலிருந்து வந்த பனி
கார்களின் மேல்
எந்த எண்ணும் இல்லாமல் விழுந்துகொண்டிருந்தது.

உள்ளே சுருண்டிருந்த ஃபிலிமுக்கு
யாரும் தகவல் சொல்லவில்லை.
நேற்றைய மந்தத்தில்
அது நிம்மதியாக இருந்தது.

வசந்தத்தில் என்னைக் கடிதங்களின் மேசைக்கு மாற்றினார்கள்.
ஓஹையோவிலிருந்து ஒரு பல் மருத்துவர்:
'அபாரம்! இரட்டை வேகம், ஆனாலும்
குறுணை துளியும் பெருக்கவில்லை.
அப்படி என்ன சேர்த்தீர்கள்?'

சேர்க்கவில்லை ஐயா, எடுத்தோம்.
எடுத்தது எதுவென்று எழுத
அச்சடித்த பதிலில் இடமில்லை.

ஆய்வகத்து கோர்னீலியஸ் ஹூகன்போம்
சாண்ட்விச் சுற்றிய தாளில்
ஒரு வளைகோடு போட்டுக் காட்டினான்.
ஒளிக்கும் கருமைக்கும் நடுவே படுத்த உடம்பு.
இது தோள், இது நேர் முதுகு,
இதோ, இருட்டைத் தொடும் கால்விரல்.
விரலில் கடுகு ஒட்டியிருந்தது.

ஒரு காலத்தில் எண்ணே கிடையாதாம்.
சாதாரணம், வேகம், அதிவேகம் என்று
கண்ணாடித் தட்டு விற்றவர்கள் கத்தினார்கள்.
தன் மோரைப் புளிப்பென்று எவள் சொல்வாள்?
பிறகு இங்கிலாந்தில் இரண்டு ரசாயனக்காரர்கள்
மெழுகுவர்த்தி ஏற்றி அளந்தார்கள்.
பொட்ஸ்டாமில் ஒருவர் நட்சத்திரங்களுக்காக அளந்தார்.
ஜெர்மானியர் பாகையில் எண்ணினர்,
மூன்று பாகை ஏறினால் இரட்டிப்பு.
ருஷ்யர்களுக்கு அவர்கள் கணக்கு.
ஒரே வெளிச்சத்துக்கு
எத்தனை சுங்கச் சாவடி.

'நம் பழைய எண் ஒரு பொய்,' என்றான் கோர்னீலியஸ்.
'ஜனங்கள் தவறுவார்கள் என்று
முன்கூட்டியே கொஞ்சம் அதிக ஒளி கொடுத்து வைத்திருந்தோம்.
இப்போது எல்லார் கையிலும் மீட்டர்.
இனி அந்த இரக்கம் வீண்செலவு.'
தாளைக் கசக்கிக் கூடையில் போட்டான்.

அந்த வருடம் எனக்கும் வயது முப்பத்திரண்டு.
(இதைச் சொல்வதில்லை என்றுதான் இருந்தேன்.)

ஆகஸ்டில் டுலூத்திலிருந்து வந்தது,
ஹில்யா ரவுத்தியோ, பென்சில் எழுத்து:
'பதினைந்து வருடமாக இரும்புத்தாதுத் துறைமுகத்தில்
மதிய இடைவேளையில் ஆட்களைப் படமெடுக்கிறேன்.
உங்கள் ஃபிலிம் மெதுவானது. அதனால் நிற்கச் சொல்வேன், நிற்பார்கள்.
இந்தக் கோடையில் உங்கள் புது எண்ணை நம்பினேன்.
தொப்பிகள் நன்றாக விழுந்திருக்கின்றன.
தொப்பிக்குக் கீழே ஒருவரும் இல்லை.
அவர்களை எங்கே வைத்திருக்கிறீர்கள்?'

இரண்டாம் எண் பதிலை எடுத்தேன்.
'மீட்டரைக் கவனமாகப் பயன்படுத்தவும்.
தங்கள் ஆதரவுக்கு நன்றி.'
கையெழுத்துக்குக் கீழே, மசி காய்வதற்குள்,
'பதினாறிலேயே வையுங்கள்.
யாரிடமும் சொல்ல வேண்டாம்.'

நவம்பரில் ஒரு உறை. கடிதமில்லை.
அட்டைக்கு நடுவே ஒரு படம்.
தாதுத் தூசி படிந்த ஏழு பேர், பின்னால் கப்பல்.
தொப்பி விளிம்புகளின் நிழலில்
கண்கள், மூக்குகள், ஒருவனுக்கு
சரியாக ஒட்டாத ஒரு பிளாஸ்திரி.

ஏழாமவன் மட்டும் அசைந்துவிட்டான்.
யாரோ கூப்பிட்டிருக்கலாம், ஈயாகவும் இருக்கலாம்.
முகம் இருந்த இடத்தில் புகை.
ஆனால் பூட்ஸ் இரண்டும்
ஆணி ஆணியாக, தையல் தையலாக,
நிற்கச் சொன்ன இடத்திலேயே நிற்கின்றன.

படத்தைக் கோப்பில் சேர்க்கவில்லை.
மாதக் கடைசியில் மேற்பார்வையாளர் வந்து
டுலூத் புகார் என்னவாயிற்று என்றார்.
தீர்ந்தது என்று எழுதினேன்.
எப்படித் தீர்ந்தது என்ற கட்டத்தை
காலியாக விட்டேன்.